மீனுக்கு ஈரப்பதம் பார்த்த மேடம்

ஆமாம்... அந்த வீடியோவில் இருப்பது நான்தான்.

மீன் ஏலக் கொட்டகை. சுற்றிலும் கூட்டம். நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், அதன் மேல் லேப்டாப். பக்கத்தில் கத்தரிப்பூ கலர் புடவையில் திருதிருவென்று விழித்துக்கொண்டு ஒரு அம்மாள் — சந்தேகமே வேண்டாம், நானேதான். 'மேடம், இது நீங்களா பாருங்க' என்று எனக்கே அதை அனுப்பிவைத்த வாசகர்களுக்கு நன்றி. கூடவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற பொம்மைகளையும் அனுப்பினீர்களே, அதற்கும் நன்றி. சிரித்து முடித்தாயிற்றா? இப்போது நான் பேசுகிறேன்.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்குக் கொஞ்சம் அறிமுகம். நான் தஞ்சாவூரில் வியாபாரக் கணக்குக்கான சாஃப்ட்வேர் தயாரித்து, கம்ப்யூட்டரோடு சேர்த்து விற்கிறேன். நான், புரோகிராம் எழுதும் கவிதா, சர்வீசுக்கு ஓடும் இன்னும் இரண்டு பேர் — இவ்வளவுதான் கம்பெனி. எங்கள் கஸ்டமர்கள் எல்லோரும் அரிசி மில்காரர்கள். எல்லோரும் என்றால் எல்லோரும்! நெல் லாரி எடை மேடையில் ஏறுவதிலிருந்து அரிசி மூட்டை கேட்டைத் தாண்டுகிற வரை சகலத்தையும் எங்கள் சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும். பாபநாசம் பக்கம் போய் 'மில்லு மேடம்' என்று கேளுங்கள், வழி சொல்வார்கள்.

பெருமைதான். ஆனால் அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மில் வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் விற்றாயிற்று. புதிதாக யாரும் மில் கட்டவில்லை. கட்டியிருந்த மில்களில் சில கல்யாண மண்டபமாகிவிட்டன. நான் கம்ப்யூட்டர் போட்டுக்கொடுத்த ஒரு மில்லில், உமி குவிந்து கிடந்த அதே இடத்தில் இலை போட்டுப் போன தையில் கல்யாண விருந்து சாப்பிட்டேன். சாம்பார் பிரமாதம். ஆனால் ஒரு கஸ்டமர் போய்விட்டாரே... மணமக்களை வாழ்த்துவதா, உட்கார்ந்து அழுவதா?

இந்தச் சமயம் பார்த்து வைகாசியில் ஊருக்கு வந்தார் என் கொழுந்தன் பிரபாகர். சென்னையில் ஒரு பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியில் ஏதோ ஒன்றுக்கு 'ஹெட்'. எதற்கு ஹெட் என்று அவர் எத்தனையோ முறை விளக்கியும் எனக்கு விளங்கியதில்லை. நல்ல மனிதர்தான். யாருக்காவது யோசனை சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது, அவ்வளவுதான்.

"அண்ணி, புது கஸ்டமரைத் தேடி அலையிறதெல்லாம் வேஸ்ட். இருக்கிறவங்களைக் கறக்கணும். வருஷா வருஷம் சந்தா கட்டச் சொல்லுங்க. கட்டலையா? பில்லு வராம லாக் பண்ணிடுங்க. வாசல்ல லாரி நிக்கும்போது தன்னால கட்டுவாங்க" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"அறுவடை நேரத்துல, வரிசையா லாரி நிக்கிறப்ப, பில்லைப் பூட்டுறதா? என்னை நம்பி வாங்கினவங்க தம்பி அவங்க. அப்புறம் அந்த ஊருக்குள்ள நான் எந்த மூஞ்சியோட போறது?"

"அப்போ வித்துடுங்க" என்றார் அமைதியாக.

அதற்குத்தான் வந்திருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. அவருடைய கம்பெனி எங்கள் சாஃப்ட்வேரையும் மில் கஸ்டமர்களையும் மொத்தமாக எடுத்துக்கொள்ளுமாம். தஞ்சாவூர் ஆபீசை மூடிவிட்டு எல்லாவற்றையும் சென்னைக்குக் கொண்டுபோய்விடுவார்களாம். கவிதாவுக்கு அங்கே வேலை உண்டாம். கவிதாவின் கணவர் பாபநாசத்தில் குத்தகை நிலத்தில் விவசாயம் பார்க்கிறார், பிள்ளைகள் இரண்டும் அங்கேதான் படிக்கின்றன. அவள் எப்படிச் சென்னைக்குப் போவாள்?

"மத்த ரெண்டு பேரு?" என்று கேட்டேன்.

பிரபாகர் செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

"ஆடிப் பெருக்குக்குக் குடும்பத்தோட வர்றோம். அப்ப பேப்பரை எடுத்துட்டு வர்றேன். அதுக்குள்ள நல்லா யோசிச்சு வைங்க" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். என் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். வகுப்பில் நாள் முழுக்கப் பேசுவதால் வீட்டில் பேசுவதில்லை. 'உன் கம்பெனி, உன் இஷ்டம்' என்றார். இது ஆதரவா, கழற்றிக்கொள்வதா என்று நான் கேட்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தால் உடனே ஏதாவது செய்தாக வேண்டும். மறுநாள் ஆபீசில் கவிதாவைக் கூப்பிட்டேன்.

"இனிமே மில்லு பக்கம் புதுசா விக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. நெல்லோட சம்பந்தமே இல்லாத ஆளுங்ககிட்ட விப்போம்."

"நம்ம ஜில்லாவுல நெல்லோட சம்பந்தமில்லாத ஆளு யாரு மேடம் இருக்கா?"

நியாயமான சந்தேகம். இங்கே டீக்கடைக்காரரும் நெல் விலை பேசுவார், டாக்டரும் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று கேட்பார். நான் வாரா வாரம் மீன் வாங்குகிற கடைக்காரரிடம் போய், உங்களுக்கு மீன் எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தேன். தரங்கம்பாடி வசந்தா அக்காவிடமிருந்து என்றார். படகிலிருந்து மொத்தமாக ஏலம் எடுத்து, ஐஸ் போட்டு, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி என்று வண்டி வண்டியாக அனுப்புகிறவராம். போன் செய்தேன். "வாங்க, பார்ப்போம்" என்றார் வசந்தா அக்கா. எனக்குத் தலைகால் புரியவில்லை!

மில் சாஃப்ட்வேரைக் கவிதா மீன் சாஃப்ட்வேராக மாற்றினாள். நெல் என்று இருந்த இடத்தில் எல்லாம் மீன். சன்ன ரகம், மோட்டா ரகம் என்று இருந்த இடத்தில் வஞ்சிரம், சங்கரா. பார்க்க ஜோராக இருந்தது. ஆபீசில் உட்கார்ந்து எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்தோம், எங்கேயும் தடுக்கவில்லை.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போக ஆரம்பித்ததும், ஒரு விடியற்காலையில் தரங்கம்பாடிக்குப் போய் இறங்கினோம். வசந்தா அக்கா காதில் ப்ளூடூத், இடுப்பில் சாவிக்கொத்து சகிதம் நின்றுகொண்டிருந்தார். என் விசிட்டிங் கார்டை வாங்கிப் பார்த்தார். அதில் நெற்கதிர் படம்.

"விதைநெல்லு கம்பெனியா?"

"இல்லக்கா, கம்ப்யூட்டர்."

"சரி, காட்டுங்க."

கூட்டம் கூடிவிட்டது. கவிதா தட்ட ஆரம்பித்தாள். மீன் வகை — வஞ்சிரம். எடை போட்டாள், விலை போட்டாள். அடுத்த கட்டத்துக்குப் போனது. அங்கே கம்ப்யூட்டர் கேட்டது: ஈரப்பதம் எவ்வளவு?

கவிதாவின் கை அப்படியே நின்றுவிட்டது. அந்தக் கட்டத்தை நிரப்பாவிட்டால் பில் நகராது. அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் பொய் சொல்லத் தெரியாத பெண். ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்டக் கிடந்த வஞ்சிரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, எண்பது என்று அடித்தாள்.

மில்லில் மிஷின் சத்தத்தில் காது கேட்காது என்பதால் எங்கள் சாஃப்ட்வேர் முக்கியமான விஷயங்களை ஸ்பீக்கரில் உரக்கச் சொல்லும். கவிதாவே பேசிப் பதிவு செய்தது. அந்தக் குரல் கொட்டகை அதிர முழங்கியது:

"ஈரம் அதிகம்! சரக்கைக் காய வைத்துக் கொண்டு வரவும்!"

ஒரு தடவை சொல்லிவிட்டு நிறுத்தித் தொலைத்ததா? நாம் நிறுத்துகிற வரை திரும்பத் திரும்பச் சொல்லும்படி வைத்திருந்தோம். கவிதா பதற்றத்தில் எதை எதையோ அழுத்த, அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது.

வசந்தா அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார்:

"ஏம்மா... காய வச்சா அது கருவாடுல்ல? நான் மீனுல்ல விக்கிறேன்?"

அவ்வளவுதான். கொட்டகையே உருண்டு புரண்டு சிரித்தது. ஏலம் கூறிக்கொண்டிருந்தவரும் ஏலத்தை விட்டுவிட்டுச் சிரித்தார். யாரோ ஒரு மகராசன் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். மிச்சம்தான் உங்களுக்குத் தெரியுமே!

எப்படி இது எங்கள் கண்ணில் படாமல் போனது என்று கேட்பீர்கள். ஆபீசில் ஓட்டிப் பார்த்த ஒவ்வொரு தடவையும் அது ஈரப்பதம் கேட்டது. நாங்களும் ஒவ்வொரு தடவையும் நெல்லுக்குப் போடுகிற பழக்கத்தில் பதினாறு, பதினாறு என்று அடித்துக்கொண்டே போனோம். உறைத்தால்தானே? சரக்கு என்று ஒன்று வந்தால் எங்கள் ஊரில் முதலில் ஈரம்தான் பார்ப்போம். ஒரு நெல்மணியை எடுத்து வாயில் போட்டுக் கடித்துப் பார்த்து, 'இன்னும் ஒரு வெயில் வேணும்' என்று சொல்லுகிற கூட்டம் நாங்கள். கவிதாவும் நானும் அந்த ரத்தம். கடலோரத்துக்காரர் ஒருவர் எங்கள் ஆபீசில் இருந்திருந்தால் முதல் தடவையே சிரித்திருப்பார்.

வசந்தா அக்கா டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார். "கோச்சுக்காதம்மா, இன்னிக்கு வியாபாரமே களை கட்டிடுச்சு உன்னால" என்றார். காரில் ஏறியதும் கவிதா அழ ஆரம்பித்தாள். நாங்கள் மயிலாடுதுறை தாண்டுவதற்குள் வீடியோ தஞ்சாவூர் போய்ச் சேர்ந்துவிட்டது.

மில்காரர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். "மேடம், வீட்டுல வஞ்சிரம் வாங்கியிருக்கு. காய வச்சுட்டுத்தான் கொழம்புல போடணுமா?" என் தங்கை கூப்பிட்டாள். தங்கையின் மாமியார் கூப்பிட்டார். கடைசியாகப் பிரபாகர்.

"என்ன அண்ணி இது! எங்க கம்பெனி ஆளுங்களே பார்த்துட்டுக் கேக்குறாங்க. ஆடி வரைக்கும் எதுக்கு? இந்த வாரமே கையெழுத்து போட்டு முடிச்சிடலாம். இதுக்கு மேல அசிங்கப்பட வேணாம்."

போனை வைத்ததும் எனக்கு அழுகை வந்தது. மறைப்பதற்கு என்ன இருக்கிறது? தேம்பித் தேம்பி அழுதேன். இத்தனை வருஷம் கட்டிக் காத்த மரியாதை ஒரு ஸ்பீக்கரில் போச்சே என்று அவமானமாக இருந்தது. நாளைக்கு ஆபீசில் அந்த மூன்று பேர் முகத்தில் எப்படி விழிப்பது என்று பயமாகவும் இருந்தது.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. என்ன செய்துவிட்டேன் நான்? திருடினேனா? யாரையாவது ஏமாற்றினேனா? தெரியாத ஊருக்குப் போய், தெரியாத தொழில் செய்கிறவர்களிடம் என் சரக்கைக் காட்டினேன். தப்பாகிவிட்டது, சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டுமே! இந்த வட்டாரத்தில் முதல் கம்ப்யூட்டரை ஒரு மில்லுக்கு நான் கொண்டுபோனபோது மட்டும் மாலை போட்டு வரவேற்றார்களா? மாலை போட்டார்கள், கம்ப்யூட்டருக்கு. சந்தனம் குங்குமம் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு, கணக்கைப் பழையபடி கையாலேயே எழுதினார்கள். 'கரண்டு போனா உங்க பொட்டி கணக்குச் சொல்லுமா?' என்று கேட்டுச் சிரித்தார்கள். அதே ஆட்கள் இன்று கம்ப்யூட்டர் கொஞ்சம் மக்கர் பண்ணினால் வீட்டு வாசலுக்கு வண்டி அனுப்புகிறார்கள். அப்போது சிரிப்புக்குப் பயந்து நான் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால், விலை பேசுவதற்கு இன்றைக்குப் பிரபாகருக்கு ஒரு கம்பெனி இருந்திருக்குமா?

காலையில் ஆபீசுக்குப் போனதும் முதல் வேலையாக அந்த வீடியோவை நானே என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். ஊர்க் குரூப் ஒவ்வொன்றிலும் போட்டேன். கீழே இப்படி எழுதினேன்: 'இந்த மேடம் நான்தான். உங்க தொழிலுக்கு சாஃப்ட்வேர் வேணும்னா கூப்பிடுங்க.' அதற்குக் கீழே போன் நம்பர்.

"மேடம், வேணாம் மேடம்... மானம் போயிடும்" என்று கவிதா கையைப் பிடித்தாள்.

"போனது போயாச்சு. அதுக்கு விளம்பரச் செலவாவது மிச்சமாகட்டும்" என்றேன்.

போன் அடித்தது... அடித்துக்கொண்டே இருந்தது. பெரும்பாலும் கிண்டல். ஒருவர் ஊறுகாய்க்கு ஈரம் பார்ப்பீர்களா என்றார். இன்னொருவர் மாமியாருக்குப் பார்ப்பீர்களா என்றார். எல்லோரிடமும் சிரித்துப் பேசி, என்ன தொழில் செய்கிறீர்கள் என்று கேட்டு வைத்துக்கொண்டேன். சும்மா விடுவேனா?

அப்புறம் ஒரு கனத்த குரல்.

"பூம்புகாருல இருந்து மாணிக்கம் பேசுறேன். கருவாட்டு யாவாரம்."

"நீங்களும் சிரிக்கத்தான் கூப்பிட்டீங்களா?"

"சிரிச்சு முடிச்சுட்டேன்மா. இப்ப வேற விஷயம். அந்தக் கம்ப்யூட்டரு... பச்சையா உள்ள போன எடை, காஞ்சு வெளிய வந்த எடை, ரெண்டையும் வச்சுக்கிட்டு எவ்வளவு கொறஞ்சுதுன்னு சொல்லுமா?"

சொல்லுமாவா? ஈர நெல்லைக் களத்தில் கொட்டி, காய வைத்து, காய்ச்சலில் எவ்வளவு போச்சு என்று பார்ப்பதுதானே மில்காரர்களின் பிழைப்பு! அந்த ஒரு கணக்கைச் சரியாகச் சொல்ல வைப்பதற்குத்தானே நானும் கவிதாவும் இத்தனை வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டோம்!

பூம்புகாருக்குப் போனோம். இந்தத் தடவை லேப்டாப்பைக் காரிலேயே விட்டுவிட்டோம். மாணிக்கம் பச்சை மீனை வாங்கி, உப்புப் போட்டுக் காய வைப்பதற்காகப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார். திரும்பி வரும் கருவாட்டின் எடை ஒரு வீட்டில் அதிகம் குறைகிறது, ஒரு வீட்டில் குறைவதே இல்லை. சரியாகக் காயாத கருவாடு மூட்டையில் போய்ப் பூஞ்சை பிடிக்கிறது. வெளியூர் வியாபாரி இவரைத் திட்டுகிறார், இவர் காய வைத்தவர்களைத் திட்டுகிறார், அவர்கள் இவரைத் திட்டுகிறார்கள்.

"யாரு மேல தப்புன்னே தெரியல. சண்டைதான் மிச்சம்" என்றார்.

கவிதா கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். எத்தனை வெயில் காயணும்? நெத்திலிக்கும் வாளைக்கும் ஒரே கணக்கா? உப்பு எப்போ போடுவீங்க? அங்கேதான் பிடித்தாள். நெல் காய்ந்தால் எடை குறையும், அவ்வளவுதான். இங்கே மீன் ஒரு பக்கம் குறைகிறது, உப்பு ஒரு பக்கம் எடையைக் கூட்டுகிறது. உப்புக்குத் தனியாக ஒரு கட்டம் வேண்டும். மில் சாஃப்ட்வேரைப் பெயர் மாற்றிக் கொண்டுவந்து கொடுத்திருந்தால் இங்கேயும் ஒரு வீடியோ ஓடியிருக்கும்.

கவிதா ராப்பகலாக உட்கார்ந்து எழுதினாள். கொண்டுபோய்ப் போட்டோம். மாணிக்கத்துக்கு ஒரே ஒரு குறைதான்.

"அந்தப் பொண்ணு கொரலு எங்கம்மா? காய வைத்துக் கொண்டு வரவும்னு சொல்லுமே, அதை ஏன் எடுத்தீங்க? அதுக்குத்தானே வாங்குறேன்! நான் சொன்னா சண்டைக்கு வர்றாங்க. கம்ப்யூட்டரு சொன்னா வர மாட்டாங்கல்ல?"

திரும்பப் போட்டுக்கொடுத்தோம். கவிதா வெட்கப்பட்டுக்கொண்டே பக்கத்தில் நின்றாள். மாணிக்கம் வாங்கியதைப் பார்த்து அதே கடற்கரையில் இன்னும் சிலர் கேட்டு வாங்கினார்கள். தரங்கம்பாடியிலிருந்து வசந்தா அக்காவும் கூப்பிட்டுவிட்டார்: "ஏம்மா, காஞ்ச சரக்குக்காரனுக்கு மட்டும்தான் விப்பியா? எங்களுக்கும் ஈரமாவே ஒண்ணு செஞ்சு குடேன்." செய்துகொண்டிருக்கிறோம்.

போன வாரம் ஆடிப் பெருக்கு. சொன்னபடி பிரபாகர் குடும்பத்தோடு வந்தார். ஆற்றுக்குப் போய்விட்டு வந்து, எல்லோரும் உட்கார்ந்து எலுமிச்சம்பழ சாதமும் தேங்காய் சாதமும் தயிர் சாதமும் சாப்பிட்டோம். முதலில் சாப்பிட்டு எழுந்த பிரபாகர் பையிலிருந்து பேப்பரை எடுத்து என் முன்னால் வைத்தார். பூம்புகார் கதையெல்லாம் கேள்விப்பட்டிருந்தார். அசையவில்லை.

"அண்ணி, அது அதிர்ஷ்டம். ஏதோ ஒரு வீடியோ ஓடிச்சு, நாலு பேரு வாங்குனாங்க. இதை வச்சு கம்பெனி நடத்த முடியுமா? கருவாட்டுக்காரங்க எத்தனை பேரு இருப்பாங்க? மில்லு மாதிரி அதுவும் ஒரு நாள் தீர்ந்துடும். ஒரு கம்பெனின்னா, எங்க கஸ்டமர் இவங்கதான்னு ஒரே வரியில சொல்லத் தெரியணும். உங்களால சொல்ல முடியுமா?"

கேள்வி சரியான கேள்விதான். பிரபாகர் சும்மா ஹெட் ஆகவில்லை. கருவாடும் தீரும், மீனும் தீரும், எனக்கும் தெரியும். அடுத்த ஊரில் என்ன தப்பு செய்வேன், யார் செல்போனைத் தூக்குவார்கள் என்பது மட்டும்தான் தெரியாது. என் கணவர் தயிர் சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அந்தப் பேப்பரை எடுத்தேன். மடிப்புக் கலையாமல் பிரபாகரின் பையிலேயே திரும்ப வைத்து, ஜிப்பை இழுத்து மூடினேன்.

"சொல்லுவேனே தம்பி. என்னைப் பார்த்து இன்னும் சிரிக்காதவங்க... அத்தனை பேரும்!"